கரை ஒதுங்கியவரின் பங்கு

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பொறிக்கச் சொன்னவன் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு. காலம் 12ஆம் நூற்றாண்டின் பிற்பாதி. 1963இல் கா. இந்திரபாலா அதை வாசித்து விளக்கி வெளியிட்டார். அதன் சாரம் இது: பிற நாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு வந்து தங்கலாம், அவர்களுக்குக் காவல் உண்டு. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலம் உடைந்தால் சரிபாதி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை.

இந்த விதியின் பெருமை, அது எழுந்த காலத்தின் வழக்கத்தோடு வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உடைந்த கப்பல் கரைக்குச் சொந்தம் என்பதே அன்று பல நாடுகளில் நடைமுறை. புயல் ஒருவனைக் கரையில் எறிந்துவிட்டால் அவன் பொருளெல்லாம் அந்தக் கரையை ஆள்பவனுக்கு. ஐரோப்பியக் கடலோரங்களில் பிரபுக்கள் இதை உரிமையாகவே கொண்டாடினார்கள். 1179இல் ரோமில் கூடிய மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம், கப்பல் உடைந்து தவிக்கும் கிறிஸ்தவரைக் கொள்ளையிடுவோரைத் திருச்சபையிலிருந்து விலக்குவதாக அறிவிக்க வேண்டியிருந்தது. ஆந்திரக் கரையில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காகதீய அரசன் கணபதிதேவன் 1244இல் வெட்டிய அபய சாசனம், முந்திய அரசர்கள் உடைந்த கலங்களின் சரக்கு முழுவதையும் பறித்தார்கள் என்று சொல்லி, தான் சுங்கம் மட்டுமே பெறுவதாக உறுதி தருகிறது. இங்கிலாந்தில் 1275ஆம் ஆண்டுச் சட்டம், கப்பலிலிருந்து ஒரு மனிதனோ நாயோ பூனையோ உயிரோடு தப்பியிருந்தால் அதை உரிமையற்ற பொருளாகக் கொள்ளக்கூடாது என்றது. ஒருவரையொருவர் அறியாத அரசுகள் ஒரு நூற்றாண்டுக்குள் ஒரே கேள்விக்கு விடை தேடியிருக்கின்றன: கடல் ஒருவனை வெறுங்கையனாக்கிய பிறகும் அவன் பொருள் அவனுடையதுதானா?

பராக்கிரமபாகுவின் விடையைக் கருணை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவனுக்கு யானையும் குதிரையும் வேண்டியிருந்தன. யானை வணிகத்தில் எழுந்த பிணக்கும் அவன் பர்மாவின் மீது படையனுப்பியதற்கு ஒரு காரணம் என்று சூளவம்சம் சொல்கிறது. கல்வெட்டின் பங்குக் கணக்கிலேயே அந்தத் தேவை தெரிகிறது. அரசன் விரும்பும் சரக்குக்கு முக்கால் பங்கு திரும்புகிறது, மற்றதற்கு அரைப்பங்குதான். ஆனாலும் எழுதப்பட்ட பிறகு அந்த விதி அரசனின் தேவையைத் தாண்டிவிட்டது. யானையே கொண்டுவராத, அரசனுக்கு எந்த விதத்திலும் பயன்படாத ஒரு சாதாரண வணிகன்கூட, பொருளோடு ஊராத்துறைக் கரையில் ஒதுங்கினால் பாதியைக் கேட்டுப் பெறும் உரிமை உடையவன் ஆனான். நலனிலிருந்து பிறந்த கருத்து, விதியானபோது நலனைவிடப் பெரிதாயிற்று.

இதே காலத்தில், இதே அரசன், இதே துறைமுகத்தில் இன்னொன்றும் செய்தான். சோழர்களின் திருவாலங்காட்டுக் கல்வெட்டு, ஈழத்து அரசன் ஊராத்துறை, மாதோட்டம் முதலிய இடங்களில் படை திரட்டிக் கப்பல் கட்டினான் என்றும், அவற்றை அழித்து யானைகளைக் கைப்பற்றினோம் என்றும் பேசுகிறது. அந்நியனுக்குக் காவல் சொன்ன துறையிலேயே அந்நியன்மேல் பாயும் கலங்களும் கட்டப்பட்டிருக்கின்றன. கருத்துகள் மனித வரலாற்றை எப்படி வடிவமைத்தன என்று கேட்பவர் இந்த இரண்டு கல்வெட்டுகளையும் சேர்த்தே படிக்கவேண்டும். ஒரு மண்ணில் ஒரு நேரத்தில் ஒரு கருத்து மட்டும் வாழ்வதில்லை. எது எந்த வடிவம் எடுத்து நிலைக்கிறது, அதன்படி வெளியே நிற்பவர் எப்படி நடத்தப்படுகிறார் என்பதில்தான் வரலாறு தீர்மானமாகிறது. நயினாதீவும் ஊர்காவற்றுறையும் அடங்கிய, யாழ்ப்பாணத்தை அடுத்த தீவுக்கூட்டமான தீவகத்தின் கதை எனக்குச் சொல்லித்தருவது இதைத்தான்.

*

நயினாதீவுக்கு இன்னொரு கருத்தும் கடல்வழி வந்தது. மகாவம்சத்தில் புத்தர் நாகதீபத்துக்கு வந்த கதை உண்டு. மகோதரன், சூளோதரன் என்ற இரண்டு நாக அரசர்கள், ஒருவன் மாமன், மற்றவன் மருமகன், மணிகள் பதித்த ஆசனம் ஒன்றுக்காகப் போருக்கு நிற்கிறார்கள். புத்தர் வந்து அறம் உரைக்கிறார். போர் நிற்கிறது. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையிலும் இந்தக் கதையின் நெருங்கிய உறவு இருக்கிறது. மணிபல்லவத்தில் இரண்டு நாக அரசர்கள் ஒரு பீடிகைக்காகப் போரிடுகிறார்கள். அங்கும் புத்தரின் அறவுரையே சண்டையைத் தீர்க்கிறது. நாகதீபம் என்ற பெயர் பழங்காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதற்குமே வழங்கியிருக்கிறது. மணிபல்லவம் எது என்பதிலும் அறிஞர்களிடையே பேச்சு உண்டு, சிலர் அதை நயினாதீவென்றே கண்டார்கள். மக்களின் நம்பிக்கை இரண்டு கதைகளையும் இந்தச் சிறு தீவிலேயே இருத்திவிட்டது. இன்று அம்மன் கோயிலிலிருந்து நாகதீப விகாரைக்கு நடந்தே போகலாம். குறிகட்டுவானிலிருந்து ஒரே படகில் தெற்கிலிருந்து வரும் சிங்கள யாத்திரிகரும் யாழ்ப்பாணத்துப் பக்தரும் வந்து இறங்குகிறார்கள்.

பாளியில் ஒரு நூல், தமிழில் ஒரு நூல். இரண்டும் ஒரே செய்தியைச் சுமக்கின்றன: ஆசனத்துக்காக உறவினர் ஒருவரையொருவர் அழிக்கவேண்டியதில்லை, சொல்லால் போரை நிறுத்தலாம். இதைவிட உயர்ந்த கருத்து எந்த நாட்டுக்குக் கிடைத்தது? ஆனால் இந்தக் கதையைப் பெற்றிருந்த இரண்டு சமூகங்களும் 20ஆம் நூற்றாண்டில் அதிலிருந்து எடுத்துக்கொண்டது வேறு ஒன்றை. புத்தர் இங்கே காலடி வைத்தார், ஆகவே இது எங்கள் நிலம் என்று ஒரு பக்கம் சொன்னது. இந்தப் பௌத்தம் தமிழருடையது, ஆகவே இது எங்கள் நிலம் என்று மறுபக்கம் பதில் சொன்னது. போரை நிறுத்திய கதை உறுதிப்பத்திரம் ஆயிற்று. அறத்தை விட்டுவிட்டு ஆசனத்தை வைத்துக்கொண்டோம்.

மணிமேகலைக் காப்பியம் தன் கருத்தை இப்படி விட்டுவைக்கவில்லை. மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையில் கிடைத்த அமுதசுரபியோடு மணிமேகலை ஊருக்குத் திரும்பி, பசித்தவருக்குச் சோறிடுகிறாள். பிறகு அரசனிடம் கேட்டுச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுகிறாள். பசி போக்குவதே அறம் என்ற எண்ணம் அங்கே ஒரு கட்டடமாகிறது, அன்றாடம் நடக்கும் ஓர் ஏற்பாடாகிறது. சாத்தனார் நன்றாக அறிந்திருந்தார்: பீடிகையின் முன் நின்று கேட்ட அறவுரை அடுப்பும் பாத்திரமும் ஆகும்வரை பசித்தவனுக்கு எட்டாது.

*

நல்ல கருத்துகள் மட்டும் வடிவம் தேடுகின்றன என்று நினைப்பது பிழை. எங்கள் சமூகத்தை மிக ஆழமாக வடிவமைத்த எழுத்துகளில் ஒன்று 1707இல் யாழ்ப்பாணத்து ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை. ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தை 1658இல் பிடித்திருந்தார்கள். தான் ஆளும் குடிகளின் வழக்கத்தை எழுத்தில் தெரிந்துகொள்ள ஆளுநர் சைமன்ஸ் விரும்பினார். ஐசாக்ஸ் எழுதினார், 12 முதலிமார் படித்துச் சரி என்றார்கள். பிறகு ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்ட வலு கொடுத்தார்கள்.

தேசவழமையில் சீதனம், முதுசொம், தேடிய தேட்டம், காணி விற்கும்போது பங்காளிக்கு உள்ள முன்னுரிமை எல்லாம் இருந்தன. அடிமைகளைப் பற்றிய விதிகளும் இருந்தன. எந்தெந்தச் சாதியார் அடிமைகள், அவர்கள் யாருக்கு என்ன செய்யவேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதப்பட்டது. அதுவரை ஊருக்கு ஊர் மாறியும் காலத்துக்குக் காலம் தளர்ந்தும் இருந்திருக்கக்கூடிய வழக்கம், எழுத்தானபோது இறுகியது. கேட்டவர் அந்நிய அதிகாரி; சொன்னவர்கள் உள்ளூரில் உயர்ந்திருந்தோர். யாரைப் பற்றி எழுதினார்களோ அவர்களை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. கருத்து எழுத்தாகும்போது எழுதும் இடத்தில் யார் இருந்தார்கள் என்பதே பல தலைமுறைகளின் விதியாகிவிடுகிறது.

1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. தேசவழமையின் அடிமைப் பகுதி செத்த எழுத்தாயிற்று; சொத்துப் பகுதி இன்றுவரை உயிரோடு இருக்கிறது. ஆனால் செத்த எழுத்தின் கருத்து கோயில் வாசலிலும் தேநீர்க் கடையிலும் பள்ளிக்கூட வாங்கிலும் கிணற்றடியிலும் தொடர்ந்து வாழ்ந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸார் போன்றோர் 1920களின் இறுதியிலேயே பள்ளிகளில் சம ஆசனம் கேட்டுப் போராடினார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. பொது இடங்களில் சாதி காரணமாகத் தடுப்பது குற்றமாயிற்று. சட்டம் வந்து ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் ஆன பிறகும் பல கோயில்கள் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்திலிருந்து தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது, பொலிஸார் தாக்கினார்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் மாதக்கணக்கில் போராட்டம் நடந்தது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தில் முன்னின்றவர்கள் இடதுசாரிகள், எழுத்தாளர் கே. டானியல் அவர்களில் ஒருவர்.

*

அதே ஆண்டுகளில் ஈழத்து இலக்கிய உலகம், வரலாற்றை நகர்த்துவது எது என்ற கேள்வியில் உக்கிரமாக மோதிக்கொண்டிருந்தது. க. கைலாசபதியும் கார்த்திகேசு சிவத்தம்பியும் மார்க்சிய நோக்கில் எழுதினார்கள். மனிதரின் சமூக வாழ்நிலையே அவர்களின் உணர்வைத் தீர்மானிக்கிறது என்று மார்க்ஸ் 1859இல் எழுதியது அவர்களுக்கு அடித்தளம். பொருளாதார உறவுகள் மாறினால் கருத்துகளும் மாறும். இலக்கியம் அந்த மாற்றத்துக்குத் துணைநிற்கவேண்டும். எதிர்ப்பக்கத்தில் தனித்து நின்றவர் புங்குடுதீவைச் சேர்ந்த ஓர் ஆசிரியர், மு. தளையசிங்கம். 1935இல் பிறந்தவர். ‘ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி’ என்ற விமர்சனத் தொடரில் முற்போக்கு முகாமோடு நேருக்கு நேர் மோதினார். ‘புதுயுகம் பிறக்கிறது’ கதைகளையும் ‘போர்ப்பறை’ கட்டுரைகளையும் எழுதினார். ‘மெய்யுள்’ அவர் மறைவுக்குப் பிறகு வந்தது.

அவர் கருத்துமுதல்வாதத்தின் பக்கம் போய் நின்றுவிடவில்லை. கருத்தே முதல் என்பதும் பொருளே முதல் என்பதும் மனித வளர்ச்சியின் ஒவ்வொரு பகுதியை மட்டுமே பார்க்கின்றன என்றார். சடம், உயிர், மனம் என்று படிப்படியாக மேலெழுந்த பரிணாமம் மனத்தோடு நின்றுவிடாது, அதற்கு மேலான ஒரு விழிப்புக்குப் போகும்; அந்த விழிப்பிலிருந்து புதிய சமூகமும் புதிய கலையும் பிறக்கவேண்டும். இதை அவர் மெய்முதல்வாதம் என்றார். அரவிந்தரும் காந்தியும் மார்க்சும் அந்தச் சிந்தனையில் சந்திக்கிறார்கள். பிற்காலத்தில் தமிழகத்தில் சுந்தர ராமசாமி அவரைப் பற்றி விரிவாக எழுதினார். ஜெயமோகன் அவர் சிந்தனைகளை முன்வைத்து விவாத அரங்கே நடத்தினார். அவருடைய தம்பி மு. பொன்னம்பலம் தன் வாழ்நாள் முழுவதும் அந்தச் சிந்தனையை வளர்த்தெடுத்தார்.

அந்தத் தத்துவம் முழுவதும் நிற்குமா என்பதில் எனக்குக் கேள்விகள் உண்டு. அவர் சொன்ன புதுயுகம் பிறக்கவில்லை. பிறந்தது போர். ஆனால் தளையசிங்கத்தை அவருடைய நூல்களை மட்டும் வைத்து எடைபோடக்கூடாது. 1971இல் அவர் செய்ததையும் சேர்த்தே எடைபோடவேண்டும்.

தீவகத்தின் நிலம் சுண்ணக்கல். மாரி மழை அந்தக் கல்லின் துளைகளுக்குள் இறங்கி, கீழேயுள்ள கடல்நீரின்மேல் மெல்லிய படலமாகத் தங்குகிறது. அளவு மீறி இறைத்தால் உப்பு மேலே வந்துவிடும். அதனால் பல கிணறுகள் உவர். நன்னீர்க் கிணறுகள் சில. வேலணையில் சாட்டி, நெடுந்தீவில் சாராப்பிட்டி என்று நல்ல தண்ணீர் உள்ள இடங்களின் பெயர் தீவார் எல்லோருக்கும் மனப்பாடம். குடிநீர்க் கிணற்றடியில் யார் கப்பியைத் தொடலாம், யார் தள்ளி நின்று வேறொருவர் ஊற்றும்வரை காத்திருக்கவேண்டும் என்பது இங்கே வாழ்வின் தலையாய கேள்வி. வயலும் காணியும் இல்லாதவர் வாழ்ந்துவிடலாம், தண்ணீர் இல்லாதவர் வாழமுடியாது. சாதி என்ற கருத்து தன்னை மிகக் கச்சிதமாக நிறுவிக்கொண்ட இடம் இந்தக் கிணற்றுக்கட்டு. புங்குடுதீவு கண்ணகி அம்மன் கோயிலை அடுத்த நன்னீர்க் கிணற்றில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கும் தண்ணீர் அள்ளும் உரிமை வேண்டும் என்று தளையசிங்கம் சத்தியாக்கிரகம் தொடங்கினார். அந்த மக்களுக்கு அவர் அயலவர், ஆனால் சாதியில் அவர்களில் ஒருவர் அல்லர். சொந்தச் சமூகத்துக்கு எதிராகவே அமர்ந்தார். பொலிஸார் அவரைத் தாக்கினார்கள். அதன்பிறகு அவர் உடல் தேறவில்லை. 1973இல், நாற்பது வயதைத் தொடாமலே காலமானார்.

மாவிட்டபுரத்தில் நின்றவர்கள் பொருளை முதலாகக் கொண்டவர்கள். புங்குடுதீவில் அமர்ந்தவர் அதை மறுத்தவர். பத்திரிகைப் பக்கங்களில் ஒருவரையொருவர் தகர்க்க முயன்ற இரண்டு தரப்பும், நிலத்துக்கு வந்தபோது ஒரே கோட்டின் முன்னால் நின்றன. ஒரே பொலிஸ் தடி இரண்டு பக்கத்தின் மீதும் விழுந்தது. எந்தத் தத்துவம் சரி என்ற விவாதம் முக்கியமானதுதான். ஆனால் தடுக்கப்பட்ட மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்காத தத்துவம், எவ்வளவு சரியாக இருந்தாலும், வரலாற்றின் வெளியிலேயே நிற்கிறது. இந்த இரண்டு தரப்பாரும் அப்படி நிற்கவில்லை. அதனாலேயே இரண்டு தரப்பினரும் எங்கள் நன்றிக்குரியவர்கள்.

*

தளையசிங்கத்தின் கருத்து ஓர் உடலைக் கேட்டது. இன்னொரு தீவகத்து மனிதரின் கருத்து ஒரு நிறுவனத்தைக் கேட்டது. சேவியர் தனிநாயகம் அடிகள் 1913இல் ஊர்காவற்றுறைக் கரம்பனில் பிறந்தார், ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித சம்பத்தரிசியார் கல்லூரியிலும் படித்தார், ரோமில் குருவானார். பிறகு தமிழகத்தில் வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது தமிழை முறையாகக் கற்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்று ஆய்ந்தார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்த அவருக்கு ஒன்று உறைத்தது. கிரேக்கத்தையும் லத்தீனையும் சமஸ்கிருதத்தையும் படிக்கும் உலகம் தமிழைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் அறியாது. அதற்கு அவர் உலகத்தைக் குறைசொல்லிக்கொண்டிருக்கவில்லை. 1952இல் தமிழ்ப் பண்பாட்டுக்கென ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கில ஆய்விதழைத் தொடங்கினார். 1554இல் லிஸ்பனில் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ் நூலைப் பற்றி எழுதினார். அந்தாவோ தெ புரோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதி 1679இல் அம்பலக்காட்டில் அச்சானது. வத்திக்கானில் இருந்த பிரதியைக் கண்டெடுத்து 1966இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

1964 ஜனவரியில் புது தில்லியில் கீழைத்தேயவியலாளர் மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்த அறிஞர்களை ஒன்றுசேர்த்து உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். பிரான்ஸின் ழான் ஃபிலியோசா தலைவர். செக் அறிஞர் கமில் சுவலபிலும் அடிகளும் செயலாளர்கள். முதல் மாநாடு 1966இல் கோலாலம்பூரில், அடுத்தது 1968இல் சென்னையில், மூன்றாவது 1970இல் பாரிஸில், நான்காவது 1974 ஜனவரியில் யாழ்ப்பாணத்தில். ஒரு கத்தோலிக்கக் குரு, சைவமும் வைணவமும் சமணமும் பௌத்தமும் இஸ்லாமும் கலந்து வளர்த்த ஒரு மொழியை, அந்த மொழியைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களின் கையிலும் ஒப்படைத்தார். தமிழைப் போற்றுவது தமிழரின் தனிச்சொத்தைக் காப்பது என்ற எண்ணத்துக்கு நேர் எதிரான செயல் அது. அடிகளின் கருத்தில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இந்த ஒப்படைப்பே.

யாழ்ப்பாண மாநாட்டின் இறுதியில், 1974 ஜனவரி 10ஆம் திகதி இரவு, கூடியிருந்த மக்களுக்குள் பொலிஸார் புகுந்தார்கள். 9 பேர் இறந்தார்கள். மன்றம் அறிவுக்காக எழுப்பப்பட்டது. அந்த இரவுக்குப் பிறகு யாழ்ப்பாணத்து இளைஞர் பலருக்கு மொழி காயத்தின் பெயராயிற்று. அதே ஆண்டு யூன் மாதம் இந்தியாவும் இலங்கையும் பாக்கு நீரிணையில் எல்லை வகுத்தன. நெடுந்தீவுப் பிரிவைச் சேர்ந்த கச்சதீவு இலங்கைப் பக்கம் வந்தது. கடலில் கோடு, மொழியில் கோடு, மக்களுக்குள் கோடு. 1970களின் நடுப்பகுதியில் எங்களைச் சூழ்ந்த கருத்துகள் எல்லாமே கோடு போடுபவையாக இருந்தன.

அவை என்ன வடிவம் எடுத்தன என்பதைத் தீவகம் தன் உடலில் அறிந்தது. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகில் கைக்குழந்தை உட்பட 20க்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் கடற்படையினர் என்று உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ 70,000 பேர். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறைகளாக எங்களோடு கடலையும் கடையையும் பள்ளியையும் பகிர்ந்தவர்கள், நகையும் பணமும் பறிக்கப்பட்டு, உடுத்த உடையோடு போனார்கள். முதற்கொடுமையைச் செய்தவர்களுக்கும் இரண்டாவதைச் செய்தவர்களுக்கும் நடுவே எத்தனை வேறுபாடு சொன்னாலும், எண்ணத்தின் வேர் ஒன்று: எதிரில் இருப்பவர் ஒரு மனிதர் என்பதற்கு முன்னால் ஒரு வகை. இதைச் சொல்லத் தயங்கும் தமிழ் எழுத்து, குமுதினிக்காக நியாயம் கேட்கும் வலுவையும் இழந்துவிடும்.

*

கருத்துகள் வரலாற்றை நகர்த்துகின்றனவா, நலன்களா? மாக்ஸ் வேபர் 1904, 1905இல் எழுதிய நூலில், புரட்டஸ்தாந்து நம்பிக்கையிலிருந்து முதலாளியத்தின் உழைப்பொழுக்கம் எப்படி வளர்ந்தது என்று காட்ட முயன்றார். மார்க்சியர்கள் அதை மறுத்தார்கள். விவாதம் தீர்ந்துவிடவில்லை. தீவகத்தின் எண்ணூறு ஆண்டுக் கதையிலிருந்து நான் பெறுவது வேறு வகையான தெளிவு. நலன் கருத்தைக் கரைக்குக் கொண்டுவருகிறது. பராக்கிரமபாகுவின் யானைகளைப் போல. வந்த கருத்து விதியாகவோ வழக்கமாகவோ மன்றமாகவோ அமர்ந்துவிட்டால், தன்னைக் கொண்டுவந்த நலனின் சொல்லைக்கூடக் கேட்காமல் நடக்கிறது. தேசவழமையின் அடிமை விதிகள் சட்டப்படி ஒழிந்த பிறகும் நூறாண்டுக்கு மேலாகக் கிணற்றடியில் அதிகாரம் செய்தது அதனால்தான். அந்த அமர்வை அசைக்க இன்னொரு கருத்து மட்டும் போதாது. அதைத் தன் உடலில் ஏற்று, விலை கொடுக்கத் துணிந்த மனிதர்கள் வேண்டும்.

இன்று தீவகத்தில் பூட்டிய வீடுகள் பல. 1990க்குப் பிறகு போரால் வெளியேறியவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. ரொறொன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் சுவிற்சர்லாந்திலும் எங்கள் ஊர்ச் சங்கங்கள் உயிர்ப்போடு இயங்குகின்றன. கோயில் புதுப்பிக்கவும் பள்ளிக்குக் கட்டடம் எழுப்பவும் குளம் தூர்வாரவும் பணம் அனுப்புகின்றன. அந்தப் பணம் எங்கள் காலத்தின் கல்வெட்டு. அது எந்தக் கருத்தைத் தாங்கி வருகிறது என்பதே கேள்வி. புதுப்பிக்கும் கோயிலின் பரிபாலன சபையில் யார் அமரலாம், திருத்தும் கிணற்றில் யார் அள்ளலாம், கட்டிய மண்டபத்தில் யார் விருந்து வைக்கலாம் என்பது சங்கத்தின் யாப்பில் எழுதப்படாவிட்டால், எழுதாத பழைய விதியே அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். சாதி கடல் கடந்து போன கதைகள் புலம்பெயர்ந்த நாடுகளில் ஏற்கெனவே நிறைய இருக்கின்றன.

ஆகவே நான் கேட்பது பெரிய தத்துவத்தை அல்ல. தீவகத்து ஊர்ச் சங்கம் ஒவ்வொன்றும் தான் பணம் கொடுக்கும் எந்தக் கிணறும் எந்தக் கோயிலும் எந்தப் பள்ளியும் சாதி பாராமல் எல்லோருக்கும் திறந்திருக்கவேண்டும் என்று தன் யாப்பில் எழுதட்டும். மீறினால் பணம் நிற்கும் என்றும் எழுதட்டும். வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் திரும்பும்போது காணிப் பத்திரம் தேடவும் வீடு எழுப்பவும் அந்தச் சங்கங்களின் கை அவர்களுக்கும் நீளட்டும். நயினாதீவுப் பிள்ளைகள் மகாவம்சத்துக் கதையையும் மணிமேகலைக் கதையையும் ஒரே வகுப்பில், போரை நிறுத்திய கதைகளாகவே படிக்கட்டும். எழுதும்போது எங்களுக்குள்ளேயே எதிர்ப்பு வரும், உறவுகள் முறியும், சிலர் கோயிலுக்கு வருவதை நிறுத்துவார்கள். வரட்டும். எந்த விலையும் கேட்காத கருத்து எங்கள் கரையில் ஒருபோதும் எதையும் மாற்றியதில்லை.